ஆறு வாரம் சிங்கப்பூரில் வேலை: ஹோட்டலா, சொகுசு சர்வீஸ் அபார்ட்மென்டா?

நங்கநல்லூர்க்காரர் | திங்கள், காலை 10.40

அனைவருக்கும் வணக்கம். ஒரு வங்கியின் மென்பொருள் மாற்றப் பணிக்காக செப்டம்பர் நடுவில் சிங்கப்பூர் போகிறேன். வேலை அனுமதி கிடைத்துவிட்டது. அலுவலகம் ஷென்டன் வேயில். திட்டப்படி ஆறு வாரம். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு 'திட்டப்படி' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பயணப் பிரிவு இரண்டு இடங்களைக் காட்டி ஒன்றைச் சொல்லச் சொல்கிறது. முதலாவது, தஞ்சோங் பகாரில் நல்ல ஹோட்டல். ஓர் இரவுக்கு 310 டாலர், பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி. காலை உணவு சேர்த்தி. அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். இரண்டாவது, ரிவர் வேலி பக்கம் சொகுசு சர்வீஸ் அபார்ட்மென்ட். தனிப் படுக்கையறை, கூடம், சமையலறை, துணி துவைக்கும் எந்திரம், நீச்சல் குளம். மாதம் 9,000 டாலர், வரி தனி.

நான் சைவம். சமையல் சுமாராக வரும். இரவில் அமெரிக்கக் குழுவோடு அழைப்புகள் இருக்கும். மகளுக்குக் காலாண்டு விடுமுறை விடும்போது அவளும் மனைவியும் ஒரு வாரம் வந்து தங்கிப்போக ஆசைப்படுகிறார்கள். இரண்டில் எதை எடுக்கலாம்? இப்படித் தங்கியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கடலூரான் | திங்கள், காலை 11.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஹோட்டலில் மூன்றாவது வாரமே அந்தக் காலை உணவு மேசையைப் பார்த்தால் வயிறு மறுத்துவிடும். அதே முட்டை, அதே ரொட்டி, அதே தர்ப்பூசணித் துண்டு. சைவம் என்றால் அதிலும் பாதி கழிந்தது. அபார்ட்மென்டை எடுங்கள், பெட்டியில் ஒரு குக்கரைப் போடுங்கள், வேலை முடிந்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது. இணையத்தில் தனியார் கொண்டோமினியம் (வசதிகள் கொண்ட அடுக்குமாடி) வீடுகளை வாரக் கணக்கில், மாதக் கணக்கில் விடுகிறார்கள். சர்வீஸ் அபார்ட்மென்டை விட மிகவும் மலிவு. நிறுவனத்திடம் தங்கும் படியை முழுதாக வாங்கிக்கொண்டு மிச்சத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். *[இணைப்பு நீக்கப்பட்டது: நெறியாளர்]*

தேக்காவாசி | திங்கள், மதியம் 12.30

கடலூரான் தம்பி, அந்தக் கடைசி யோசனையை நம்பி யாராவது விமானம் ஏறிவிடப் போகிறார்கள். சிங்கப்பூரில் தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். 2017 ஜூன் வரை அந்த வரம்பு ஆறு மாதமாக இருந்தது. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு இன்றும் ஆறு மாதம்தான். மீறினால் 200,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2018இல் இப்படி வீட்டைக் குறுகிய காலத்துக்கு விட்ட இருவருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விழுந்தது. கொண்டோமினியம் காவலாளிகளும் நிர்வாகக் குழுவும் பெட்டியோடு வரும் புது முகங்களை நன்றாகவே கவனிக்கிறார்கள். வேலை அனுமதியில் வந்திருப்பவர் அந்த வம்பில் எதற்கு மாட்ட வேண்டும்?

சர்வீஸ் அபார்ட்மென்ட் வேறு வகை. நகர மறுசீரமைப்பு ஆணைய விதிப்படி அங்கே குறைந்தபட்சத் தங்கல் ஏழு நாள். சில கட்டடங்கள் ஹோட்டல் உரிமமும் வைத்திருப்பதால் ஓர் இரவுக்குக்கூடக் கொடுப்பார்கள். அந்த வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு உதவும்.

பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். பெரிய ஹோட்டல் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய 'ரெசிடென்ஸ்' எல்லாமே தங்கும் விடுதி ஆகிவிடாது. கேர்ன்ஹில்லில் உள்ள ரிட்ஸ் கார்ல்டன் ரெசிடென்சஸ், டாங்ளின் சாலையில் ஹோட்டலை ஒட்டியிருக்கும் செயின்ட் ரீஜிஸ் ரெசிடென்சஸ் போன்றவை தனியாருக்கு விற்கப்பட்ட வீடுகள். வரவேற்பாளரும் பளிங்குத் தரையும் இருந்தாலும் வாடகைக்கு மூன்று மாத விதிதான்.

போக்குவரத்துக்குக் கவலை வேண்டாம். ரிவர் வேலியில் கிரேட் வேர்ல்ட் நிலையம் 2022 நவம்பரில் திறந்தது. ஏறினால் ஹேவ்லாக், ஊட்ரம் பார்க், மேக்ஸ்வெல், அடுத்தது ஷென்டன் வே. வண்டி மாற வேண்டியதே இல்லை. முன்பெல்லாம் ரிவர் வேலி என்றால் பேருந்தை விட்டால் டாக்சி என்றிருந்தது.

கடலூரான் | திங்கள், மதியம் 12.52

சட்டம் இருக்கட்டும் அண்ணா, ஊரே அப்படித்தான் தங்குகிறது.

நெறியாளர் | திங்கள், மதியம் 1.15

சட்டத்துக்குப் புறம்பான வாடகையை இங்கே பரிந்துரைக்க வேண்டாம். ஹோட்டல், சர்வீஸ் அபார்ட்மென்ட் இரண்டையும் பற்றி மட்டும் பேசுவோம்.

வரவுசெலவு | திங்கள், மாலை 4.20

ஒரு நிறுவனத்தில் பயணச் செலவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. எண்களைப் போட்டுவிட்டுப் பேசலாம்.

இரண்டு பிளஸ் குறி என்றால் 10 சதவீத சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகையின் மேல் 9 சதவீத பொருள் சேவை வரி. 2024 ஜனவரி முதல் 9 சதவீதம். ஆக 310 டாலர் 341 ஆகி, வரியோடு 371.69 ஆகிறது. 42 இரவுக்கு ஏறத்தாழ 15,611.

அபார்ட்மென்டுக்கு வரி மட்டும்தான் தனி என்கிறார்கள். 9,000 என்பது 9,810. ஓர் இரவுக்கு 327. மாதத்துக்கு மேல் வரும் நாட்களுக்கும் அதே விகிதத்தில் கணக்கிட்டால் 42 இரவுக்கு 13,734. வித்தியாசம் 1,877 டாலர். சலவைக் கட்டணத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஹோட்டலில் சட்டைக்கு ஒரு விலை, கால்சட்டைக்கு ஒரு விலை, அவற்றின் மேலும் அதே இரண்டு பிளஸ்.

இதுவரை அபார்ட்மென்டுக்குத்தான் வெற்றி. இப்போது திட்டம் பாதியில் நின்று, நீங்கள் 25 இரவில் கிளம்ப வேண்டியதாகிறது என்று வையுங்கள். மாத விலை என்பது மாதம் முழுக்க இருப்பவருக்கு. முன்னதாகக் கிளம்பினால் பல இடங்களில் ஆரம்பத்திலிருந்து நாள் விலையில் மறுகணக்குப் போடுவார்கள். பேச்சுக்கு நாள் விலை 380 என்று கொள்வோம். வரியோடு 414.20. 25 இரவுக்கு 10,355. அதாவது 25 நாள் இருந்ததற்கு, 30 நாள் இருந்தால் கட்டியிருக்கும் 9,810ஐ விட அதிகம். ஹோட்டலில் அதே 25 இரவுக்கு 9,292தான், கிளம்பினால் கணக்கு அத்தோடு முடிந்தது.

ஆகவே என் கேள்வி ஒன்றுதான். உங்கள் தேதிகளைத் தீர்மானிப்பது யார்? நீங்களா, வாடிக்கையாளரா?

மயிலைக்கிளி | திங்கள், இரவு 9.10

நான் தணிக்கைப் பணிக்காக அடிக்கடி வெளியூரில் தங்குபவள். இந்த இழையில் எல்லோரும் சமையலறையைப் பார்த்து மயங்குவதால் எதிர்த்தரப்பில் ஓர் ஆளாவது வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஆண்களுக்குச் சமையலறை சுதந்திரமாகத் தெரிகிறது. எனக்கு அது இன்னொரு வேலை. காய் வாங்க வேண்டும், பால் தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும், பாத்திரம் துலக்க வேண்டும், குப்பை கட்ட வேண்டும். வீட்டில் செய்வதையெல்லாம் சொகுசுக் கட்டடத்தில் போய்ச் செய்வதற்கா நிறுவனம் பணம் கட்டுகிறது? இரவு ஒன்பதரைக்கு அறைக்குள் நுழையும்போது படுக்கை விரித்திருக்க வேண்டும், துவாலை மடித்திருக்க வேண்டும், பசித்தால் தொலைபேசியை எடுத்தால் சாப்பாடு வர வேண்டும். அதற்குப் பெயர்தான் ஹோட்டல்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்கிறேன். சிங்கப்பூர் தெருவில் எந்த நேரமும் நடக்கலாம், அது இல்லை என் பேச்சு. நள்ளிரவில் வயிற்றுவலி வந்தால், மறுநாள் காலை கூட்டம் இருக்கும்போது குளியலறைக் குழாய் உடைந்தால், கீழே பொறுப்பான ஆள் விழித்திருக்கிறாரா? சர்வீஸ் அபார்ட்மென்டுகளில் எல்லாவற்றிலும் இரவு முழுக்க வரவேற்பு மேசை இயங்குவதில்லை. சிலவற்றில் காவலாளியும் ஓர் அவசரத் தொலைபேசி எண்ணும்தான். முன்பதிவுப் பக்கத்தில் நீச்சல் குளத்துக்கு ஏழு படம் போடுவார்கள், இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

முன்மேசை | செவ்வாய், காலை 7.45

ஹோட்டல் வரவேற்பிலும் பிறகு சர்வீஸ் அபார்ட்மென்ட் நிர்வாகத்திலும் வேலை பார்த்தவன் நான். இரண்டு பக்கத்துச் சமையலறையையும் பார்த்திருக்கிறேன், கதவுக்குப் பின்னால் நடப்பதையும்.

ஹோட்டல்காரர் அறையை ஒவ்வோர் இரவும் புதிதாக விற்கிறார். இன்று 310, நாளை 290, கார் பந்தய வாரத்தில் 700. அபார்ட்மென்ட் நடத்துபவர் மாதக் கணக்கில் நிரப்பப் பார்க்கிறார். அவருக்கு இரண்டு மாதம் இருப்பவர் ஒருவர் கிடைத்தால் துப்புரவு ஆட்கள் குறையும், சலவை குறையும், விற்பனைத் தரகு குறையும். அதனால்தான் பெரிய அறையை மலிவாகத் தர முடிகிறது. நீங்கள் சேமிக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்றால், உங்களுக்குச் செய்யாமல் விட்ட வேலைகளிலிருந்து வருகிறது. தினமும் விரிப்பு மாற்ற மாட்டார்கள், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் துப்புரவு இல்லாத இடங்கள் பல. பாத்திரம் துலக்குவது சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை.

மயிலைக்கிளி அவர்கள் சொன்ன இரவு மேசை விஷயம் சரி. ஆனால் ரிவர் வேலி, ஆர்ச்சர்ட் பக்கம் உள்ள பெரிய நிறுவனங்களின் கட்டடங்களில் பெரும்பாலும் இரவிலும் ஆள் இருப்பார்கள். இந்தத் தொழில் சிங்கப்பூரில் புதிதும் அல்ல. ஆஸ்காட் நிறுவனம் தன் முதல் கட்டடத்தை இங்கே 1984இல் திறந்தது, ஃபிரேசர் 1998இல் வந்தது. பிரச்சினை சிறிய கட்டடங்களில்தான், அவற்றில் மாலைக்குப் பிறகு யார் இருப்பார்கள் என்று கேட்டே ஆக வேண்டும்.

அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். ஹோட்டலில் புகார் சொன்னால் அறையை மாற்றிக் கொடுப்பார்கள். 200 அறையில் ஏதாவது ஒன்று எப்போதும் காலியாக இருக்கும். அபார்ட்மென்டில் உங்கள் வகை வீடு எல்லாமே மாதக் கணக்கில் போயிருந்தால், மேல்மாடியில் சுவரைத் துளைக்கிறார்கள் என்று நீங்கள் அழுதாலும் மாற்ற இடம் இருக்காது. மேலாளர் பழக்கூடை அனுப்பி வைப்பார். நானே அனுப்பியிருக்கிறேன்.

அடுத்தது நீட்டிப்பு. உங்கள் தேதிகளைப் பார்த்தேன். செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ மரினா பேயில் ஃபார்முலா 1 இரவுக் கார் பந்தயம் வரும். 2008இலிருந்து நடக்கிறது, தொற்றுக்காலத்தில் இரண்டு ஆண்டு மட்டும் நின்றது. அந்த வாரம் ஹோட்டல் விலை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். நவம்பரில் நிதித் தொழில்நுட்ப விழா வருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்களைப் போன்ற வங்கித் துறை ஆட்களே உலகெங்கிலுமிருந்து வந்து இறங்குவார்கள். உங்கள் ஆறு வாரம் எட்டு வாரமாக நீண்டால் நேராக அதில் போய் விழும். அபார்ட்மென்டில் இருந்தால், அடுத்து வருபவருக்கு வீட்டைக் கொடுத்தாயிற்று என்று கடைசி வாரத்தில் கைவிரித்துவிடலாம். ஹோட்டலில் இருந்தால் அறை இருக்கும், விலைதான் இரண்டு மடங்கு.

நங்கநல்லூர்க்காரர் | செவ்வாய், காலை 9.30

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி.

வரவுசெலவு ஐயா, தேதிகளைத் தீர்மானிப்பது வாடிக்கையாளர்தான். முன்னதாக முடிவது நடக்காது, அந்த ஆறுதல் மட்டும் இருக்கிறது. ஒத்திப்போடுவது நடக்கும். புதிய மென்பொருளுக்கு மாறும் வார இறுதியை வங்கி இரண்டு வாரம் தள்ளினால் நானும் இரண்டு வாரம் தள்ளப்படுவேன்.

உணவுப்படி பற்றி ஒரு சந்தேகம். சமையலறை உள்ள இடத்தில் தங்கினால் எங்கள் நிறுவனம் தினசரி உணவுப்படியைக் குறைத்துவிடும் என்று ஒரு சக ஊழியர் சொல்கிறார். இது வழக்கமா?

வரவுசெலவு | செவ்வாய், காலை 10.15

பல நிறுவனங்களில் உண்டு. ஹோட்டலில் காலை உணவு சேர்த்திருந்தால் அந்த வேளைக்கான பங்கைக் கழிப்பார்கள், சமையலறை இருந்தால் மொத்தப் படியிலேயே ஒரு பகுதியை வெட்டுவார்கள். உங்கள் பயண விதியில் இதைத் தேடிப் படியுங்கள், மனிதவளப் பிரிவில் வாய்மொழியாகக் கேட்காதீர்கள்.

குடும்பம் வரும் வாரத்துக்கு ஒரு குறிப்பு. சிங்கப்பூர் கிளை பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்திருந்தால், உங்கள் தங்கலுக்குக் கட்டிய வரியை நிறுவனம் உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். ஊழியரின் குடும்பத்தாருக்கான செலவில் அந்த உரிமை கிடையாது. கூடுதல் கட்டில், கூடுதல் காலை உணவு எல்லாவற்றையும் தனி ரசீதாக உங்கள் பெயரில் போடச் சொல்லுங்கள், நீங்களே கட்டுங்கள். ஒரே ரசீதில் கலந்துவிட்டால் கணக்குப் பிரிவு மூன்று மாதம் கழித்து உங்களைத் தேடி வரும். விமான நிலையத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு வரி திருப்பித் தருகிறார்களே என்று அதை நம்பவும் வேண்டாம். அது பொருட்களுக்கு மட்டும், தங்கும் கட்டணத்துக்கு இல்லை.

நீட்டிப்பில் வருமான வரியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓராண்டில் 60 நாளுக்கு மேற்படாமல் அங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊழியருக்கு அந்தச் சம்பளத்தின் மீது சிங்கப்பூரில் வரிவிலக்கு உண்டு. இயக்குநர்களுக்கு இது பொருந்தாது. ஆறு வாரம் 42 நாள், எட்டு வாரம் 56. அதற்கு மேல் ஒரு வாரம் போனால் எல்லை தாண்டியது. இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் தனி வழி உண்டு, அதை வரி ஆலோசகர் பார்ப்பார். ஆனால் இந்த ஆண்டு ஏற்கெனவே அங்கே போய் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

துபாய்த்தம்பி | செவ்வாய், மதியம் 2.00

இங்கே துபாயில் 'ஹோட்டல் அபார்ட்மென்ட்' என்று ஒரு வகையே தனியாக உண்டு. அறை வாடகைக்கு மேல் ஒவ்வோர் இரவுக்கும் சுற்றுலா திர்ஹாம் என்று தரத்துக்கேற்ப 7 முதல் 20 வரை வாங்குவார்கள். அபார்ட்மென்ட் என்றாலும் விடமாட்டார்கள். சிங்கப்பூரில் அது இல்லாததற்குச் சந்தோஷப்படுங்கள்.

தேக்காவாசி | செவ்வாய், மாலை 6.40

சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் குக்கரைப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறார் ஒருவர்.

இந்தக் கட்டடங்களில் பெரும்பாலும் மின்தூண்டல் அடுப்புதான், நம் ஊரில் இண்டக்ஷன் என்கிறோமே அது. அலுமினியக் குக்கர் அதில் சூடே ஏறாது. அடிப்பாகம் எஃகாக இருக்க வேண்டும். கொண்டு வரவே வேண்டாம், முஸ்தபா கடையில் வாங்கலாம், இல்லையென்றால் மேசையில் கேட்டால் சில இடங்களில் அரிசி வேகவைக்கும் மின்பாத்திரம் இரவல் கொடுப்பார்கள். நம் ஊர் மின்செருகி இங்கே பொருந்தாது, சதுர முள் மூன்று உள்ள மாற்றுச்செருகி வேண்டும்.

தாளிப்பு! கூடமும் சமையலறையும் ஒரே அறையாக இருக்கும் வீடுகளில் எண்ணெய் காய்ந்து மிளகாய் கருகினால் கூரையில் இருக்கும் புகை உணர்கருவி கத்த ஆரம்பிக்கும். புகைபோக்கியை முதலில் போடுங்கள், படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள், பிறகு கடுகைப் போடுங்கள். குடியிருப்பவரால் பொய் எச்சரிக்கை எழுந்தால் கட்டணம் வாங்கும் கட்டடங்களும் உண்டு. டுரியான் பழத்தை அறைக்குக் கொண்டு வரக் கூடாது என்பது ஹோட்டல், அபார்ட்மென்ட் இரண்டுக்கும் பொது விதி.

மற்றபடி நங்கநல்லூர்க்காரர் சமைக்காமலேயே காலம் தள்ளலாம். தோசை மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது, தயிர் கிடைக்கிறது. சிராங்கூன் சாலையில் 1947இலிருந்து கோமள விலாஸ் இருக்கிறது, அதற்கும் மூத்தது 1924இல் தொடங்கிய ஆனந்த பவன். ஆனால் ரிவர் வேலியிலிருந்தோ தஞ்சோங் பகாரிலிருந்தோ வேலை நாளில் தினமும் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பக்கம்) வர மனம் வராது. வாரக் கடைசிக்குத்தான். வேலை நாளின் இரவு ஒன்பது மணிக்கு ஒரு தட்டுத் தயிர்சாதம் அறையிலேயே இருப்பதன் அருமை சைவம் சாப்பிடுபவருக்குத்தான் தெரியும்.

கடலூரான் | செவ்வாய், இரவு 7.05

அதைத்தான் நான் முதல் நாளே சொன்னேன். குக்கர் மட்டும்தான் தவறு.

மயிலைக்கிளி | செவ்வாய், இரவு 10.20

தயிர்சாதத்துக்காக ஒரு வீடு! சரி, சைவத்துக்காக ஒப்புக்கொள்கிறேன். நானும் சைவம்தான், ஹோட்டல் குளிர்பெட்டியில் தயிர் வைத்துச் சமாளித்திருக்கிறேன், ஆனால் அதை வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன்.

அமெரிக்க அழைப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. அவர்கள் காலையில் உட்கார்ந்தால் சிங்கப்பூரில் இரவு ஒன்பது, பத்து. ஹோட்டலின் ஒற்றை அறையில் மகள் தூங்கும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள்? குளியலறையிலா? அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அபார்ட்மென்டுக்கு என் வாக்கு. தனியாக இருக்கும் ஐந்து வாரத்துக்கு ஹோட்டல்தான்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் ஹோட்டலில் வேலை செய்ய வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். நல்ல மேசை உள்ள அறையைக் கேட்டு வாங்க வேண்டும். புதிய ஹோட்டல்களில் மேசையையே எடுத்துவிட்டு ஒரு வட்டப் பலகையைப் போட்டு வைக்கிறார்கள், அழகுக்காம்.

முன்மேசை | புதன், காலை 8.10

தனியாக இருக்கும் ஐந்து வாரத்தைப் பற்றி மயிலைக்கிளி அவர்கள் சொன்னதோடு பாதி உடன்படுகிறேன். நீண்ட நாள் தனியே தங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அபார்ட்மென்டில் சிலர் வார இறுதி முழுதும் கதவைத் திறக்கவே மாட்டார்கள். ஹோட்டலில் காலை உணவுக்காவது கீழே இறங்கி வர வேண்டும், யாராவது பெயர் சொல்லி வணக்கம் சொல்வார்கள். சிலருக்கு அது பெரிய விஷயம். சிலருக்கு அதுவே எரிச்சல். பத்தாம் நாளும் 'இன்று எப்படி உறங்கினீர்கள்' என்று கேட்டால் பல்லைக் கடிப்பவர்களும் உண்டு. நங்கநல்லூர்க்காரர் எந்த ரகம் என்று அவருக்குத்தான் தெரியும்.

வெகுமதிப் புள்ளிகளில் நாட்டம் உண்டா? பெரிய ஹோட்டல் குழுமங்களில் ஆறு வாரம் என்பது உறுப்பினர் தகுதியில் ஒரு படி, சில சமயம் இரண்டு படி ஏற்றிவிடும். நிறுவன விலையில் நேரடியாகப் பதிந்தால் பொதுவாகப் புள்ளி உண்டு, மூன்றாம் தரப்பு இணையதளம் வழியாகப் போனால் பெரும்பாலும் இல்லை. பயணப் பிரிவு எந்த வழியில் பதிகிறது என்று பாருங்கள்.

அபார்ட்மென்டைத்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மாத விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். விற்பனை ஆளிடம் மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். 42 இரவுக்கும் மாத விகிதம்தானா, அல்லது 30 இரவுக்குப் பிறகு நாள் விலையா? நீட்டிப்பதாக இருந்தால் எத்தனை நாள் முன்பு சொன்னால் அதே வீடு அதே விலையில் உறுதி? சீக்கிரம் கிளம்பினால் மறுகணக்கு உண்டா? குடும்பம் வந்தால் எத்தனை பேர் வரை பதிவு செய்யலாம், கூடுதல் கட்டில் எவ்வளவு? பக்கத்துக் கட்டடத்தில் கட்டுமானம் நடக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் மழுப்பலாக வந்தால் வேறு திசையைப் பார்த்த வீடு கேளுங்கள்.

இன்னொரு தந்திரம். நீங்கள் கேட்கும் தேதிகளில் இரண்டு வாரம் கூட்டிக் கேளுங்கள். எட்டு வாரத்துக்கு விலை வாங்கி, 'ஆறாம் வாரத்தில் அபராதம் இல்லாமல் விலகலாம், பத்து நாள் முன்னறிவிப்பு' என்று எழுதச் சொல்லுங்கள். ஆறு வாரம் வாங்கி எட்டாக நீட்டுவதை விட, எட்டு வாங்கி ஆறாகக் குறைப்பது எளிது. எத்தனை வீடு நிரம்பியிருக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டிய மேலாளருக்கும் எட்டுதான் பிடிக்கும்.

வரவுசெலவு | புதன், காலை 9.00

முன்மேசை சொன்ன அந்த விலகல் உரிமை கிடைத்தால் என் எதிர்ப்பை முழுவதும் விலக்கிக்கொள்கிறேன். கிடைக்காவிட்டால் ஹோட்டல். வாடிக்கையாளரின் தாமதத்துக்கு உங்கள் நிறுவனம் வாடகை கட்டக் கூடாது. வைப்புத்தொகை கேட்டால் அதை நிறுவனம்தான் கட்ட வேண்டும், உங்கள் சொந்த அட்டையில் பிடித்து வைக்க விடாதீர்கள். இந்திய அட்டை என்றால் நாணய மாற்றுக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும், திருப்பிக் கொடுக்கும்போது மாற்று விகிதம் வேறாக இருக்கும். அந்தக் குறைவை எந்தச் செலவுத் தலைப்பிலும் எழுத முடியாமல் ஊழியர்கள் என்னிடம் வந்து நிற்பார்கள்.

நங்கநல்லூர்க்காரர் | வெள்ளி, மாலை 5.50

கேட்டுவிட்டேன். பதில்கள் வந்தன.

42 இரவுக்கும் மாத விகிதமே. எட்டு வாரமாக எடுத்து ஆறாம் வாரத்துக்குப் பிறகு விலகுவதற்கு ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பத்து நாள் அல்ல, பதினான்கு நாள் முன்னறிவிப்பு. அதாவது நான்காம் வார முடிவில் முடிவைச் சொல்ல வேண்டும். வங்கி மாற்றத் தேதியை உறுதி செய்யும் கூட்டம் மூன்றாம் வாரத்தில் இருப்பதால் அது பொருந்துகிறது. இரவு முழுக்க மேசையில் ஆள் உண்டு. கட்டுமானக் கேள்விக்கு 'அருகில் சிறு பராமரிப்புப் பணிகள் நடைபெறலாம்' என்று பதில் வந்தது. முன்மேசை சொன்னபடி பின்பக்க வீடு கேட்டிருக்கிறேன்.

உணவுப்படியில் கால்பங்கு வெட்டு உண்டு, விதியிலேயே இருக்கிறது. வெட்டிய பிறகும் தயிர்சாதத்துக்குப் போதும்.

கட்டடம் ஹோட்டல் உரிமமும் உள்ளது என்பதால், நீட்டிப்பு எட்டு வாரத்தையும் தாண்டினால் காலியான வீடு எதிலாவது ஓரிரு இரவு ஒட்டிக்கொள்ளலாம் என்கிறார்கள். தேக்காவாசி அண்ணா அதைக் கேட்கச் சொன்னது இதற்குத்தானா என்று இப்போது புரிகிறது.

அபார்ட்மென்டுக்கே பதிந்தாயிற்று.

மயிலைக்கிளி | வெள்ளி, இரவு 8.30

வாழ்த்துகள். நான்காம் வாரம் பாத்திரம் துலக்கும்போது என் ஞாபகம் வரும்.

சோழிங்கநல்லூர் | சனி, காலை 11.20

இழை முடிந்துவிட்டதா தெரியவில்லை, பக்கத்துக் கேள்வி ஒன்று. எனக்கு சாங்கி பிசினஸ் பார்க்கில் இரண்டு வாரம் வேலை. இதே நிறுவனங்களின் அபார்ட்மென்டை எடுக்கலாமா, அல்லது சாப்பாட்டு வசதிக்காக லிட்டில் இந்தியாவில் ஹோட்டல் போடலாமா?

முன்மேசை | சனி, மதியம் 12.05

இரண்டு வாரத்துக்கு மாத விலை கிடைக்காது. வார விலையில் அபார்ட்மென்டும் ஹோட்டலும் ஏறக்குறைய ஒன்றுதான். குடும்பம் வரவில்லையென்றால் ஹோட்டல் போடுங்கள்.

தேக்காவாசி | சனி, மதியம் 12.40

லிட்டில் இந்தியாவில் போடுவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். சாங்கி பிசினஸ் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்போ நிலையத்துக்கு நீல நிற டவுன்டவுன் ரயில் தடத்தில் போக வேண்டும். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் வண்டி பூகிஸ், மரினா பக்கம், சைனாடவுன் என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் பக்கத்திலேயே ஜாலான் புசாருக்கு வந்துதான் கிழக்கே திரும்பும். தடம் தன்னைத்தானே குறுக்கே வெட்டிக்கொள்கிறது. ஹோட்டலை ஜாலான் புசார் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் பாருங்கள், அங்கேயே ஏறுங்கள். இட்லிக்கு சிராங்கூன் சாலை அங்கிருந்தும் நடக்கும் தூரம்தான்.